நீ நாடி பார்த்த அன்று நான் பேசவில்லை

தம்பி,

கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து மழை விடவில்லை. புடவை வாங்க வருகிறவர்கள் இந்த மழையில் கண்டி டவுனுக்கு இறங்கமாட்டார்கள். வீட்டில் இருந்து எழுத முடியாது. உன் பெட்டிகள் விறாந்தையில் திறந்து கிடக்கின்றன, அம்மா ஒவ்வொன்றாக வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்பாள், சொல்ல வேண்டிவரும். இதை முதலில் கேட்க வேண்டியவன் நீ. வெளிநாடு போகிற மகனுக்கு அப்பாமார் சொல்கிற புத்திமதிகள் எனக்கும் தெரியும். குளிருக்குக் காதை மூடிக்கொள், கண்டவனையும் நம்பாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அதையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு முகமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும். தெரியாத பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ தாதியர் கல்லூரியில் படித்த காலத்தில், சாப்பிடும்போது பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாய். நாடியைப் பற்றிய பாடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாடி அடிக்கிறது என்று சொன்னால் போதாது அப்பா, வேகம் என்ன, ஒழுங்கு என்ன, நிறைவு என்ன என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றாய். விரலைத் தூக்கி எறிகிற மாதிரி அடித்தால் அதற்கு ஒரு பெயர். விரலுக்கடியில் நூல் ஓடுகிற மாதிரி இருந்தால் வேறு பெயர். ஒழுங்கு தவறுவதிலும் இரண்டு வகை இருக்கிறது, ஒரு கணக்கோடு தவறுவது, கணக்கே இல்லாமல் தவறுவது என்றாய். "தவறுறதுலயும் ஒழுங்காடா?" என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "ரெண்டும் வேற வேற நோய்ப்பா. மாத்திச் சொன்னா டொக்டர் வேற எதையோ தேடிக்கிட்டிருப்பாரு" என்றாய். புத்தகத்தில் அந்தச் சொற்கள் இங்கிலீஷில் இருந்தன. வார்டில் சிங்களத்தில் சொல்ல வேண்டும். நோயாளியோ நம்முடைய பேச்சில் சொல்வார். படபடங்குது, திக்கு திக்குங்குது, விட்டு விட்டு அடிக்குது, நெஞ்சுக்குள்ள குருவி செறகடிக்குது. இவற்றில் எதை எந்தச் சொல்லாக மாற்றி டொக்டரிடம் சொல்வது என்று நீ மண்டையை உடைத்துக்கொள்வாய். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் "நாடியக் காட்டுங்க" என்று நீ கேட்க, அவர் தாடையைக் கேட்கிறாய் என்று நினைத்து மோவாயை நிமிர்த்திக் காட்டினார் என்று நீ சொன்னபோது உன் அம்மாவுக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் நீ இன்னொரு கதை சொன்னாய். உன் வார்டில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் கடுமையாகி, பிறகு தேறி வந்திருக்கிறது. டொக்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹொந்தட்ட நாடி வெட்டெனவா" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நாடி நன்றாக அடிக்கிறது என்பதைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெட்டெனவா என்றால் விழுகிறது என்றும் அர்த்தம். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த பையனுடைய தாய்க்கு நாடி விழுகிறது என்று காதில் பட்டிருக்கிறது. நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்துவிட்டாள். டொக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நீதான் அவளைத் தூக்கி உட்காரவைத்து, மகனுடைய மணிக்கட்டில் அவள் விரலையே வைத்து, "இந்தா பாருங்கம்மா, அடிக்குது, நல்லா அடிக்குதுன்னுதான் சொன்னாரு" என்று காட்டியிருக்கிறாய்.

அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த நாளே கடையில் சொன்னேன், பிறகும் பலரிடம் சொன்னேன். ஆனால் நான் சொன்னபோது அதில் ஒரு ஆளைக் குறைத்துவிட்டேன். டொக்டரை எடுத்துவிட்டு அவருடைய இடத்தில் உன்னை வைத்தேன்.

அதற்கும் முன்பே அந்தப் பொய் தொடங்கிவிட்டது. அக்குறணையிலிருந்து மொத்தத்துக்குத் துணி கொண்டுவந்து தருகிற முஸ்லிம் வியாபாரி, நாம் நானா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள், "மொதலாளி, ஒங்கட மகன் டொக்டராமே, செல்லவே இல்ல" என்றார். நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். இல்லை நானா, நர்ஸ் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் அடுத்த துணியை எடுத்து மடித்தேன். உனக்கு மருத்துவப் பீடம் கிடைக்காமல் போன வருடம் நான் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளை நர்ஸ் வேலைக்குப் போகிறானா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம். சீருடையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதே, பையில் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள், வெள்ளை அழுக்காகிவிடும் என்று நான் உன்னிடம் சொன்னேனே, அது அழுக்குக்காகச் சொன்னதில்லை. நீ அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டாய். இன்றுவரை பையில்தான் கொண்டுபோகிறாய்.

கல்யாணத் தரகர் ஹேவாஹெட்ட ஊர்ப் பெண்ணின் படத்தைக் கொண்டுவந்தபோது, "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில டொக்டராத்தான இருக்காரு?" என்று கேட்டார். "ம்" என்றேன். அவ்வளவுதான் தம்பி. பொய்யைக்கூட முழுச் சொல்லாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பெண் சுகந்தி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா இல்லை, சித்தப்பா குடும்பத்தோடு ஒரே வீடு. நல்ல இடம் என்று தோன்றியது. கல்யாணம் நிச்சயமானால் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பெண் பார்க்க வேன் பிடித்து நாம் மூவரும் தரகரும் போனோம். தலாத்துஓயாவைத் தாண்டியதும் குளிர் ஏறியது. நீ அம்மாவுக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டாய். தேயிலைக்கு நடுவே வீடு. நமக்காகக் கதிரைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுகந்தி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். அவளும் பார்த்தாள். அம்மா என் தொடையில் மெதுவாகத் தட்டினாள், பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கணக்கப்பிள்ளை, "கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்" என்று எழுந்தார். இரண்டடி வைத்தவர் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் முன்னால் எழுந்தவன் நீ. அவரைப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, மணிக்கட்டில் விரல் வைத்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கையை விட்டுவிட்டுக் கழுத்தில் வைத்தாய். "அம்புலன்ஸுக்கு அடிங்க. ஒடனே" என்றாய்.

சுகந்தியின் சித்தப்பா அசையவில்லை. அவருடைய முகத்தில் கலவரத்துக்கு நடுவே ஒரு நிம்மதி இருந்தது. "மாப்பிள்ளையே டொக்டரா இருக்கயில எதுக்கு அம்புலன்ஸு? வேன்ல மருந்துப் பெட்டி இருக்குமில்ல? ஒரு ஊசியப் போட்டு விடுங்க டொக்டர்" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் சொல்லிவைத்த பொய் உனக்கு அந்த நொடியில்தான் தெரிந்தது. தரகர் கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பேசியிருக்க வேண்டும். அவன் டொக்டர் இல்லை, நான்தான் பொய் சொன்னேன், சீக்கிரம் ஆளைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மனிதர் தரையில் கிடக்கிறார். நான் என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தாய் என்பது தெரியும்.

பிறகு நீயே சொன்னாய். "நான் டொக்டர் இல்லீங்க. நர்ஸ்."

"நர்ஸா?" என்று சித்தப்பா இரண்டு தரம் கேட்டார். அவருடைய நிம்மதி கோபமாக மாறியது. என் பொய் அதற்குள் இரண்டாவது வேலையைத் தொடங்கியிருந்தது. முதலில் நீ டொக்டர் என்று நம்பியதால் அவர் அம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இப்போது நீ டொக்டர் இல்லை என்பதால் நீ சொல்வதையே நம்பவில்லை. "பொய்யச் சொல்லிக்கிட்டு வந்து அண்ணன் மேல கை வைக்கிறாங்க. தள்ளுங்க தம்பி. இது வாய்வுதான். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல அவரு. இஞ்சித் தண்ணி கொண்டாங்க" என்று உன் தோளைப் பிடித்து இழுத்தார். நீ கழுத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "வாய்வு இல்லீங்க. தண்ணி குடுக்காதீங்க. போனத் தாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

சுகந்திதான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் போனில் எண்ணை அழுத்தி, உன் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நீ சிங்களத்தில் பேசினாய், இடையிடையே இங்கிலீஷில். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. அறுபதைத் தாண்டியவர். நினைவு இருக்கிறது. உடம்பு குளிர்ந்து வியர்த்திருக்கிறது. நாடி மெதுவாக அடிக்கிறது. நூல் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் அழுத்தினால் மறைந்துபோகிறது. ஒழுங்கில்லை, கணக்கே இல்லாமல் விடுகிறது. மணிக்கட்டில் சரியாகக் கிடைக்கவில்லை, கழுத்தில் கிடைக்கிறது. நீ சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் கேள்விகள் நின்றுபோய், அவர்கள் உனக்கு வழி சொல்லத் தொடங்கினார்கள். அந்த மலைப் பாதையில் ஏறி வர நேரமாகும், நீங்கள் இறங்கி வாருங்கள், எதிரே வருகிறோம் என்றார்கள். சித்தப்பா உன் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்தச் சொற்களை நான் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறேன், கேலி செய்திருக்கிறேன். அவை எதற்காக என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நம் வேனிலேயே அவரை ஏற்றினோம். பின் இருக்கையில் அவரைக் கிடத்தி, நீ கீழே முழங்காலிட்டு உட்கார்ந்தாய். சுகந்தி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள், "இருக்கா?" என்று கேட்பாள். "இருக்கு" என்பாய். கொஞ்ச நேரம் நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மறுபடி, "இருக்கா?" "விடுது... இரு... வந்துருச்சு. இருக்கு." அந்தக் குரல்களுக்கு முன்னால் உட்கார்ந்து நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா தம்பி? அந்த மனிதர் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. தரகர் ஊரெல்லாம் சொல்லிவிடுவாரே என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தலாத்துஓயாவில் அம்புலன்ஸ் வந்தது, நீயும் சுகந்தியும் அதில் ஏறிப் போனீர்கள். அம்மாவும் நானும் வேனில் பின்னால் வந்தோம். அம்மா கண்டி வரும்வரை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "புள்ள ஒங்க மொகத்தத்தான பாத்தான்" என்றாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். அது மாரடைப்பு, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர்மார் சொன்னதாக நீ வந்து சொன்னாய். என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அது எனக்கு அடியைவிட வலித்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வேலை முடிந்து நீ அவருடைய வார்டுக்குப் போவாய். சுகந்தியும் நீயும் அங்கே பேசிப் பழகினீர்கள். வீட்டுக்கு வரும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும்; அம்மா அதைப் பார்த்து எனக்குக் கண் காட்டுவாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதமில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நர்ஸுங்கிறதுனாலதானப்பா?" என்று நீ கேட்டாய்.

"ஒலகம் அப்படித்தான்டா" என்றேன்.

அப்போது எனக்குக் காரணம் தெரியாது. தெரியாமல் சொன்னது ஒரு பிழை. தெரிந்த பிறகும் திருத்தாமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. நீ வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், ஒருநாள் கணக்கப்பிள்ளை என் கடைக்கு வந்தார். கிளினிக்குக்கு வந்தவர், சித்தப்பாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். நான் பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டேன், தேத்தண்ணி வரவழைக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மொதலாளி, தம்பி நர்ஸுன்னு நாங்க வேணாம்னு சொல்லல. அந்தப் புள்ள கையிலதான் நான் பொழச்சு வந்தேன். தரகர் என்னமோ சொல்லியிருப்பாரு. அதான் நேர்ல சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு நான் கண்ண மூடிக் கெடந்தேன். ஆனா காது கேட்டுச்சு. எந்தம்பி டொக்டர் டொக்டர்னு கூப்புடுறான். ஒங்க மகன் பேசாம இருக்காரு. நீங்க இப்பப் பேசுவீங்க, இப்பப் பேசுவீங்கன்னு நானும் கெடந்தேன் மொதலாளி."

தம்பி, அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

"எம்புள்ளைக்குத் தாய் இல்ல. நாளைக்கு அதுக்கு ஒரு கஷ்டம் வந்தா, வெளிய தெரியக் கூடாதுன்னு மூடி வைக்கிற வீட்டுக்கு எப்பிடி அனுப்புறது? அந்தப் பயம்தான். புள்ள ரெண்டு தரம் தம்பிக்குப் போன் எடுத்துச்சாம். அவரு பேசல. வேலையச் சொல்லி வேணாம்னுட்டாங்கன்னு நெனச்சிருப்பாரு. நீங்களே அவருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. தம்பி தானா வந்து கேட்டாருன்னா நான் மறுக்க மாட்டேன். ஆனா ஒங்கள வச்சுப் பேச எனக்கு மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க." எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலிலேயே நின்று, "விசா வந்துருச்சுப்பா" என்றாய். "அங்கெல்லாம் நர்ஸுன்னா மதிப்புப்பா. யாரும் மொகம் சுளிக்க மாட்டாங்க" என்றாய். நான், "ஆமா" என்றேன். மகனே, உன் வேலையைப் பார்த்து முகம் சுளித்த ஒரு ஆளிடமிருந்து நீ ஓடுகிறாய். அந்த ஆள் ஹேவாஹெட்டவில் இல்லை, உன் வீட்டிலேயே இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய் என்ற பயம். உன் மனம் உடைந்து கிடப்பது எனக்கு என் மானத்தைவிடச் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். பெட்டி வாங்கினோம், குளிர்ச்சட்டை வாங்கினோம், பயணத்தைச் சொல்ல அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு வத்தேகமவுக்குப் போனோம். வழியெல்லாம் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

நேற்று நானா துணி கொண்டுவந்தார். டொக்டர் தம்பி எப்போது பயணம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்து, "அவன் டொக்டர் இல்ல நானா, நர்ஸ். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "தெரியுமே மொதலாளி. எங்கட உம்மா வார்டுல இருக்கக்குள்ள அவர்தானே பாத்துக்கிட்டார். ஒங்களுக்கு அப்புடிச் செல்லத்தான் விருப்பம்போலன்னு நாங்களும் சும்மா இருந்த" என்றார். அவருடைய தாயையே நீ பார்த்திருக்கிறாய். எத்தனை பேர் இப்படி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, டொக்டர் தம்பி என்று எனக்காக நடித்திருக்கிறார்களோ தெரியவில்லை. நான் யாரிடமிருந்து உன்னை ஒளித்தேனோ அவர்களுக்கெல்லாம் நீ யார் என்று தெரியும். உன்னால் குணமான உறவுகள் அவர்களுடைய வீடுகளில் இருக்கின்றன.

நீ வெளிநாடு போவதை நான் தடுக்கவில்லை. போவதானால் போ, அது உன் உழைப்புக்குக் கிடைத்தது. ஆனால் தப்பான காரணத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு போகாதே. உன் வேலையை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றது என்னை. போகிறதற்கு முன்னால் ஹேவாஹெட்டவுக்கு ஒருமுறை போ. தரகர் வேண்டாம், நான் வேண்டாம், அம்மா வர ஆசைப்பட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு போ. சுகந்தி இன்னும் காத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. நீயே கேள். கல்யாணத்துக்கு நான் வரக் கூடாது என்று அவர்கள் சொன்னால், அதற்காகவும் சண்டை போடாதே.

முதலில் இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே போய் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்வாய், நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதுவும் வாயை மூடிக்கொள்வதுதான் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதனால் கடையைப் பூட்டிவிட்டு மழையிலேயே வீட்டுக்கு வருகிறேன். உன் கையிலேயே தருகிறேன். நீ வாசிக்கும்வரை முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். திட்டத் தோன்றினால் திட்டு, குனியாமல் கேட்கிறேன். வாசித்து முடித்ததும் சுகந்திக்குப் போன் எடு. அவள் பேசத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அப்பா